நாலு விளையாட்டு விளையாடிய ஒருவர் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரான கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இதை எழுதுகிற நான் நடுநிலையான ஆள் இல்லை. 2004 இல் எனக்குப் பதின்மூன்று வயது. இந்த ஆய்வில் வருகிற மனிதர் மைதானத்தின் நடுவில் வைத்து என்னைக் "கள்ளன்" என்று பேசினார். நான் எதையும் எடுக்கவில்லை, முழங்கால் நோகிறது என்று ஓடாமல் நின்றேன், அவ்வளவுதான். அன்றைக்கு பூட்ஸைக் கழற்றி சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போனவன், பதினைந்து வருசம் அந்த மைதானப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இப்போது நானும் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். என்னிடம் படிக்கிற பெடியள் இரண்டு பேர் அவருடைய கழகத்தில் விளையாடப் போனதால் திரும்பவும் அவருடன் கதைக்க வேண்டி வந்தது. கதைத்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த அந்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எப்படி மாறினார் என்று கேட்கத் தொடங்கியது இவ்வளவு நீளமாகிவிட்டது.

பெயர் போடவில்லை. "ஊருக்குள்ள இருக்கிற பேர் காணும் தம்பி, அதை இன்ரநெற்றில வேற ஏத்தாத" என்றார். எல்லோரும் கூப்பிடுகிறதுபோல மாஸ்டர் என்றே எழுதுகிறேன், ஆனால் அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் இல்லை, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியம் பார்த்தவர். ஒன்றரை வருசமாகக் கிழமைக்கு ஒரு நாளாவது போய்ப் பயிற்சியைப் பார்த்தேன், அவரிடம் முந்தி விளையாடிய ஏழெட்டுப் பேருடன் கதைத்தேன், பெடியளைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கிற ஐந்து சி.ஆர். கொப்பிகளை (தடித்த குறிப்பேடுகளை) வாசித்தேன். அந்தக் கொப்பிகள் இல்லையென்றால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் விளையாட்டுக் கதைகள் வருசத்துக்கு வருசம் வளரும், இருபது யாரில் இருந்து அடித்த கோல் பத்து வருசத்தில் நாற்பது யாராகிவிடும்.

சோளகத்துக்கு ஒரு மீன், வாடைக்கு ஒரு மீன்

மாஸ்டர் 1972 இல் வலிகாமம் வடக்கில் இருக்கிற கடற்கரை ஊரான மயிலிட்டியில் பிறந்தவர், தகப்பன் கடற்றொழில். பதினெட்டு வயதுக்குள் உயரம் பாய்தல், துடுப்பாட்டம், கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம் நாலிலும் பள்ளிக்கூட அணி. ஏன் நாலு என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "சோளகத்துக்கு ஒரு மீன், வாடைக்கு ஒரு மீன். விளையாட்டும் அப்பிடித்தானே. தை மாசத்தில ஆரும் உதைபந்து அடிப்பினமே?"

சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. அவர் சொல்வது சரி. எங்கள் பள்ளிக்கூட வருசமே அப்படித்தான் ஓடுகிறது. முதலாம் தவணையில் தை, மாசி முழுக்க இல்ல மெய்வல்லுநர் போட்டி, சுண்ணாம்புக் கோடும் மாலைநேர பாண்ட் வாத்தியமும். அது முடிய துடுப்பாட்டக் காய்ச்சல். யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 இல் இருந்து மோதுகிற வடக்கின் பெரும்போர், சென். பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுகிற பொன் அணிகளின் போர் எல்லாம் அந்த நேரத்தில்தான். இரண்டாம் தவணையில் உதைபந்து. பின்னேரத்தில் கடற்கரை மணலில் வலை கட்டிக் கரப்பந்து, நிலாக் காலத்தில் கிளித்தட்டு. பெரிய கல்லூரிகளில் என்றால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வேறு வேறு ஆட்கள் கிடைப்பார்கள். சின்னப் பள்ளிக்கூடத்தில் விளையாடக்கூடிய பெடியள் பதினைந்து பேர் இருந்தால் அந்தப் பதினைந்து பேர்தான் எல்லா அணியும். பத்திரிகைக்காரர் பிறகு "பல்துறை வீரர்" என்று எழுதினார்கள், ஊரில் அது ஆள் பற்றாக்குறை.

நாலில் எது பெரிதென்று கேட்டால் உயரம் பாய்தல் என்பார். அதற்குக் காரணம் ஒரு பெயர். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ். மத்திய கல்லூரிப் பழைய மாணவர், பதினேழு வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்ந்தவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர். எழுபது, எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் தடியைக் குறுக்கே வைத்த ஒவ்வொரு ஆசிரியரும் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. மயிலிட்டிப் பெடியனுக்கும் சொன்னார்கள். மெத்தை கிடையாது, விழுவது மணலில். 1968 மெக்சிகோவுக்குப் பிறகு உலகம் முழுக்க முதுகால் பாயப் பழகிவிட்டது, மணலில் முதுகால் விழுந்தால் கழுத்து முறியும் என்பதால் இங்கே கத்தரிப் பாய்ச்சலும் வயிற்றை அணைத்துப் பாய்வதும்தான் தொடர்ந்தன. அவர் எவ்வளவு பாய்ந்தார் என்று எண்ணிக்கையாக நான் எழுதப் போவதில்லை. தன்னுடைய தலைக்கு மேலே நாலு விரல் என்று அவர் சொல்கிறார், அதற்குச் சாட்சி சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் கனடாவில்.

இந்த உயரம் பாய்தலில் ஒரு விசயத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பாய்கிறவன் தடிக்குக் கீழே இருந்து பின்னுக்குக் குதிக்கால், பெருவிரல், குதிக்கால், பெருவிரல் என்று அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டு போய் ஒரு கல் வைப்பான். ஓட்டம் அந்தக் கல்லில் இருந்துதான் தொடங்கும். கல் ஒரு சாண் தள்ளினால் பாய்ச்சல் பிழைக்கும்.

கல் வைத்த இடம் போனது

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. மாஸ்டருக்குப் பதினெட்டு. வீட்டில் இருந்து எடுத்த சாமான்களோடு ஒரு கரப்பந்தையும் காற்றை இறக்கி மடித்து சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். மல்லாகம், சுன்னாகம் பக்கம் சொந்தக்காரர் வீடு, முகாம், திரும்பச் சொந்தக்காரர் வீடு என்று அலைந்த காலத்தில் அவரிடம் இருந்த ஒரேயொரு விளையாட்டுச் சாமான் அதுதான். பொருளாதாரத் தடை இருந்த நாட்கள். பந்து புதிதாக வருவதில்லை, இருக்கிற பந்தின் பிளாடருக்கு சைக்கிள் ரியூப் ஒட்டுகிறதுபோல சொலூசன் பூசி ஒட்டி, தோலைச் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்து, கடைசியில் பந்து நாரத்தங்காய் மாதிரி ஒரு பக்கம் வீங்கிப்போய் நிற்கும். அந்தப் பந்தில் தலையால் அடிக்கப் பழகினவனுக்கு எந்தப் பந்தும் பயமில்லை என்று அவருடைய வயதுக்காரர்கள் சொல்வார்கள். தலையிடி பற்றி யாரும் சொல்வதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருசம் சனம் திரும்பி வந்தது, மயிலிட்டிக்காரருக்குத் திரும்ப இடமில்லை, அது உயர் பாதுகாப்பு வலயம். உயரம் பாய்தல் அதோடு முடிந்தது. இடம் வேண்டும், தடி வேண்டும், போட்டி வேண்டும், எதுவும் இல்லை. துடுப்பாட்டமும் அப்படித்தான். மிஞ்சினது ஒரு பந்தும் நாலு கம்பமும் இருந்தால் நடக்கக்கூடிய இரண்டு விளையாட்டு. கரப்பந்தில் ஆவரங்கால், புத்தூர் ஆட்களுக்கு முன்னால் நின்றுபிடிக்க முடியாது என்பது அவருக்கே தெரியும், ஆகவே உதைபந்து. அவர் உதைபந்தைத் தெரிவு செய்தார் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள், மற்றதெல்லாம் பறிபோய் அது மிஞ்சியது.

இடம்பெயர்ந்த பெடியளைச் சேர்த்து நடந்த ஒரு கழகத்துக்கு முன்வரிசையில் விளையாடினார். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல் என்று பெயரைக் கேட்டாலே எதிரணிக்கு வயிற்றைக் கலக்குகிற கழகங்கள் இருக்கிற மாவட்டத்தில், கோயில் வெளியிலும் வாசிகசாலைக்குப் பின்னால் இருக்கிற தோட்டக் காணியிலும் பழகின அணி பெரிதாக எதையும் வெல்லவில்லை. ஆனால் தலையால் அடிக்கிற அந்த நெட்டையனை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான் செய்கிறேன், நீ ஏன் செய்யவில்லை

2002 இல் சமாதானம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 வீதி திறந்தது. வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் காசு அனுப்ப கொழும்பில் இருந்து உருண்டையான பந்துகள் வந்தன, மாஸ்டருக்கு முப்பது வயது, கணுக்கால் இரண்டும் போகத் தொடங்கிவிட்டது, பயிற்றுவிப்பாளர் ஆனார். ஆனார் என்றால், விசிலை அவருடைய கையில் கொடுத்தார்கள்.

முதல் நாலு வருசமும் அவர் ஒரு மோசமான பயிற்றுவிப்பாளர். இதை நான் கோபத்தில் எழுதவில்லை, அவரே சொன்னது, நான் நேரில் பார்த்தது. எதையும் செய்து காட்டுவார். பந்து உயர வரும், நாலு எட்டு ஓடுவார், எழும்புவார், அந்தரத்தில் ஒரு கணம் நின்று நெற்றியால் அடிப்பார், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். "சரி, இனி நீங்கள்." நாங்கள் பந்துக்குக் கீழே போய் நின்று இரண்டு காலாலும் துள்ளுவோம், பந்து உச்சந்தலையில் பட்டு எங்கேயோ போகும். திரும்பச் செய்து காட்டுவார். அவருக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அவர் அதை ஒருநாளும் உதைபந்தாகப் படிக்கவில்லை. உயரம் பாய்தலில் காலும், கரப்பந்தில் நேரமும், துடுப்பாட்டத்தில் பந்து எங்கே இறங்கும் என்கிற கண்ணும் வந்து சேர்ந்து அந்தத் தலையடி. நாலு ஆறு கலந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஏந்திக் காட்டி இதுதான் தண்ணீர் என்றால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

மற்றது, எல்லோருக்கும் தன்னுடைய உடம்பு என்ற நினைப்பு. அவருக்குப் பதின்மூன்று வயதில் கடற்கரை மணலில் ஒரு மணித்தியாலம் துள்ளினாலும் நோகவில்லை, எனக்கு நொந்தது. முழங்கால் சிரட்டைக்குக் கீழே எலும்பில் ஒரு மேடு, தொட்டால் உயிர் போகும். பிறகு படித்தபோதுதான் பெயர் தெரிந்தது, ஒஸ்குட்-ஸ்லாட்டர். பிள்ளைகள் கிடுகிடுவென வளர்கிற வயதில், தொடைத் தசையின் நாண் வந்து கீழ்க்கால் எலும்பைப் பிடிக்கிற இடம் இன்னும் முற்றாமல் குருத்தாக இருக்கும், ஓடியும் துள்ளியும் அந்த நாண் இழுக்க இழுக்க வீங்கும். துள்ளலைக் குறைத்து ஆறவிட்டால், வளர்த்தி முடிய பெரும்பாலும் அதுவும் முடியும். ஒளித்து விளையாடுகிறான் என்று நினைக்கிற பயிற்றுவிப்பாளருக்குக் கீழே ஆறாது. அவர் என்னைக் கள்ளன் என்றார், நான் போய்விட்டேன், எனக்கு முன்னும் பின்னும் அப்படிப் போனவர்கள் நாலைந்து பேர்.

முதலாவது கொப்பி

2006 ஓகஸ்ட் 11 இல் ஏ-9 பாதை மூடப்பட்டது. ஊரடங்கு, சாமானுக்கு வரிசை, பெடியளை வெளியே விடத் தாய் தகப்பன் பயந்த காலம். பயிற்சி நின்றது. களஞ்சியத்திலும் நிறுக்கச் சாமான் இல்லை. அந்த மேசையில் இருந்துதான் முதலாவது சி.ஆர். கொப்பியை எழுதத் தொடங்கியிருக்கிறார், இருப்புக் கணக்கு எழுதுகிற மாதிரியே கோடு போட்டு. இடது பக்கம் பெடியளின் பெயர். அடுத்த நிரல் "ஏலும்". அதற்கடுத்தது "ஏலாது". முப்பத்தொரு பெயர், எல்லாம் ஞாபகத்தில் இருந்து.

"ஏலும்" நிரலில் சும்மா இரண்டொரு சொல். "ஏலாது" நிரல்தான் நிறைந்திருக்கிறது. ஒருவனுக்கு: இடப்பக்கம் திரும்ப நேரம் எடுக்கும், வலது காலில் நிற்கப் பயம். இன்னொருவனுக்கு: பந்து மேலே வந்தால் கண்ணை மூடுவான். இன்னொருவனுக்கு: காலையில் சாப்பிடுவதில்லை. நாலு வருசம் கத்திக்கொண்டு திரிந்த மனிதருக்கு இவ்வளவும் கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் எழுதும்வரை அவர் அதைப் பார்க்கவில்லை.

என்னுடைய பெயர் பத்தொன்பதாவது. எதிரே: "பாய ஏலாது. முழங்கால். கேட்கவில்லை."

நான் சொல்வழி கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், பழைய கோபம் கொஞ்சம் எட்டியும் பார்த்தது. கொப்பியைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான்தான் கேக்கேல்ல" என்றார். பிறகு தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்று கேட்டார்.

என்னைப் பொறுத்தவரை இவர் பயிற்றுவிப்பாளரானது அந்தக் கொப்பியில்தான், விசில் கிடைத்த 2002 இல் இல்லை. விளையாட ஏலாமல் போன பெடியளை, விளையாட ஏலாமல் இருந்த நாட்களில், தன்னுடைய உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு நினைத்துப் பார்த்திருக்கிறார். பட்டியலில் இருந்தவர்களில் பாதிப்பேர் பிறகு நாட்டிலேயே இல்லை, அது வேறு கதை, இதில் எழுதக்கூடியதும் இல்லை.

களவெடுத்த பயிற்சிகள்

2010 க்குப் பிறகு திரும்பத் தொடங்கினபோது அவர் செய்து காட்டுவதை நிறுத்திவிட்டார். காட்டவும் முடியாது, கணுக்கால். அதற்குப் பதிலாக மற்ற விளையாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி உதைபந்துக்குள் கொண்டுவந்தார். இதை அவர் "களவு" என்றுதான் சொல்கிறார், எனக்குச் சிரிப்பு வந்தது.

கிளித்தட்டில் இருந்து தடுப்பாட்டம். சாம்பலால் குறுக்கே ஐந்து கோடு. மறிக்கிறவன் கோட்டை விட்டு வெளியே வரக்கூடாது, பக்கவாட்டில் மட்டும் ஓடலாம். பந்தோடு வருகிறவன் ஐந்தையும் தாண்ட வேண்டும். எங்கள் பெடியளுக்கு இருக்கிற பெரிய வியாதி, பந்தைக் கண்டவுடன் பாய்ந்து காலைக் கொடுப்பது. கோட்டில் கட்டிப்போட்டால் பாய முடியாது, எதிரே வருகிறவனுடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டு கூடவே நகரத்தான் வேண்டும். கிளித்தட்டு மறித்தவர்களுக்குத் தெரியும், ஓடுகிறவனுடைய கையும் கண்ணும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. "தொடவேண்டாம், அவனைப் போகவிடாமல் நிண்டாலே காணும்" என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வார். கோட்டை அழித்துவிட்டு ஆடவிட்டால் முதல் பத்து நிமிசம் பெடியள் இல்லாத கோட்டில் நிற்பார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடுவால் ஒருவனும் போகமாட்டான்.

துடுப்பாட்டத்தில் இருந்து பந்துக்காப்பாளர். பொழுதுபடுகிற நேரத்தில் ரெனிஸ் பந்தை வானத்துக்கு அடித்துப் பிடிக்கச் சொல்வார், சின்னப் பந்தைப் பிடிக்கப் பழகினவனுக்கு உதைபந்து பூசணிக்காய் மாதிரித் தெரியும். எல்லைக்கோட்டில் இருந்து விக்கெட்டுக்கு எறிகிற அதே எறிதான் பந்தைப் பிடித்தவுடன் நடுக்கோட்டுக்கு அங்கால் எறிகிற எறியும்.

எல்லாம் சரிவரவில்லை. கரப்பந்துக்காரர் விழுந்து உருண்டு எடுக்கிறதைப் பந்துக்காப்பாளருக்குப் பழக்கப் போய், எங்கள் சுண்ணக்கல் தரையில் இரண்டு பெடியளுக்கு முழங்கைத் தோல் உரிந்து அதோடு அது முடிந்தது. இன்னொன்று, கரப்பந்து விளையாடுகிற பிள்ளையைத் தடுப்புச் சுவரில் நிற்கவிட்டால் பந்து வரும்போது கை தன்பாட்டில் மேலே போகும். அப்படி இரண்டு தண்ட உதை கொடுத்திருக்கிறார்கள்.

உயரம் பாய்தலில் இருந்து மூலை உதை. நான் கல்லை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். நின்ற இடத்தில் இரண்டு காலால் துள்ளுவதைவிட ஓடிவந்து ஒரு காலால் எழும்பினால் உயரம் கூட. கடைசிக்கு முதல் எட்டு நீளமாக, உடம்பு கொஞ்சம் பதிந்து. கடைசி எட்டு குறுகலாக, வெடுக்கென்று. இதை அவர் இப்போது வாயால் சொல்கிறார், எட்டு எட்டாக. கோல் கம்பத்துக்கு முன்னால் எழும்ப வேண்டிய இடத்தில் ஒரு பழைய செருப்பை வைத்து, அங்கிருந்து பின்னுக்கு அடிமேல் அடி வைத்து அளந்து ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு இடம். ஒருவனுக்குப் பதினெட்டு அடி, ஒருவனுக்கு இருபத்துமூன்று. கொப்பியில் பெயருக்கு நேரே எண் இருக்கிறது, வளர வளர வெட்டித் திருத்தி, ஒருவனுக்கு ஆறு தரம் மாறியிருக்கிறது. முழங்கால் நோகிறது என்றவனுக்கு எண்ணுக்கு மேலே சிவப்புப் பேனையால் ஒரு கோடு, அவன் அந்த மாதம் துள்ளுவதில்லை, மூலை உதையை அடிக்கிறவன் அவன்தான்.

ஜகார்த்தாவில் இருந்தவர்கள்

ஒருநாள் மழைக்கு வாசிகசாலையில் ஒதுங்கி நின்றபோது அவருடன் தர்க்கப்பட்டேன். பல விளையாட்டு விளையாடினவன் நல்ல பயிற்றுவிப்பாளர் ஆவான் என்று பொதுவாகச் சொல்லலாமா என்பது என் கேள்வி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொண்டோம், எதிர்வீரசிங்கம் வெள்ளி எடுத்தது அங்கேதான் என்பதால் மாஸ்டருக்கு அது மனப்பாடம். அதே போட்டியில் உதைபந்தில் இந்தியா தங்கம் எடுத்தது, இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. அவரைப் போல ஒரு பல்துறை ஆள் தெற்காசியாவில் அபூர்வம், மோகன் பகானில் உதைபந்து, வங்காளத்துக்கு முதல்தரத் துடுப்பாட்டம், 1966 இல் சோபர்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணியை இந்தூரில் இன்னிங்ஸால் வென்ற ஆட்டத்தில் எட்டு விக்கெட், 1971-72 பருவத்தில் ரஞ்சி இறுதியாட்டத்தில் வங்காளத் தலைவர், பிறகு டாடா உதைபந்தாட்ட அகடமியின் இயக்குநர். ஆனால் ஜகார்த்தாவில் அணியைப் பயிற்றுவித்தவர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர், தாய்லாந்துடனான ஆட்டத்தில் மண்டை உடைந்து தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை அரையிறுதிக்கும் இறுதிக்கும் முன்வரிசையில் இறக்கினார், இரண்டிலும் ஜர்னைல் கோல் அடித்தார், இறுதியில் தலையால். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய், அடுத்த வருசம் இறந்துபோனார்.

"பாத்தியே" என்றார் மாஸ்டர், "விளையாடினவன் சுனி. ஆரை எங்க விடுறது எண்டு கண்டவன் வாத்தியார்." அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பல விளையாட்டு அவருக்குப் பொறுக்கி எடுக்க நிறையத் துண்டுகளைக் கொடுத்தது. யாருக்கு எந்தத் துண்டு என்று பார்க்கிற கண்ணைக் கொடுத்தது அந்தக் கொப்பி.

சரிவராதவை

பெண்பிள்ளைகளுக்குப் பழக்க மாட்டேன் என்று கனகாலம் பிடிவாதமாக நின்றார். தெல்லிப்பளை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் தூக்குகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது வெட்கக்கேடு என்று அவருடைய சொந்த மகளே சொன்ன பிறகுதான் மாறினார். இப்போது சனிக்கிழமை காலையில் பெண்பிள்ளைகள், அவர்கள்தான் கிளித்தட்டுப் பயிற்சியில் கெட்டிக்காரர்.

பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் பிரச்சினை இன்னும் இருக்கிறது. அம்பது வயதுக்குப் பிறகு ஒரு பயிற்சி நெறிக்குப் போக மனம் வந்த நேரம் பார்த்து 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. இடைநிறுத்தப்பட்ட நாட்டுக்கு பீஃபாவின் அபிவிருத்தித் திட்டமும் இல்லை, நெறியும் இல்லை. பிறகு முழங்கால் சத்திரசிகிச்சை, போகவில்லை. அவருடைய ஆட்களில் அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கிறவன் ஒருவன் இருக்கிறான், தாள் வேலை எல்லாம் அவன் பெயரில்.

ஆனால் உண்மையான தலையிடி ரியூசன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு நாலரைக்கு வகுப்பு, ஆறரைக்கு இன்னொன்று, ஓ.எல். வருசம் என்றால் ஞாயிறும் போய்விடும். விளையாட வருகிற பிள்ளையும் உதைபந்துக்கு மட்டும்தான் வருகிறது, அதுவும் வெளிநாட்டுக் கழகத்தின் உடுப்போடு. மரம் ஏறினதில்லை, நிலவில் ஓடினதில்லை. மாஸ்டர் காற்றுவாக்கில் பெற்றதையெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு மூன்று நாள், ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஊட்ட வேண்டியிருக்கிறது. முடியவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். 2022 இல் பெற்றோல் இல்லாமல் எல்லோரும் சைக்கிளுக்கு மாறின சில மாதங்களில் பெடியளின் கால் நல்லாய் உரமேறியிருந்தது என்று கொப்பியில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதற்காக நாட்டுக்குத் திரும்பவும் அது வரவேண்டும் என்று ஆசைப்படவா முடியும்?

ஒரு மூலை உதை

போன வருசம் ஒரு மின்னொளித் தொடர், அணிக்கு ஒன்பது பேர். அரையிறுதி. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் மூச்சுவிடாமல் கத்த, கச்சான் விற்கிறவர் கோட்டுக்கு உள்ளேயே வந்து நிற்க, நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மூலை உதை கிடைத்தது. இருபத்துமூன்று அடிப் பெடியன் பெட்டிக்கு வெளியே தன்னுடைய இடத்துக்குப் போய் நின்றான். பந்து வந்தது, எதிரணிக்காரன் பெனியனைப் பிடித்துவிட்டான், ஓட முடியவில்லை. இரண்டாவது மூலை உதையில் எழும்பினான், உயரம் என்றால் அப்படி ஓர் உயரம், பந்து தலைக்கு மேலால் போய்விட்டது. மாஸ்டர் கத்தவில்லை. கொப்பியை எடுத்து எதையோ எழுதினார். மூன்றாவதுக்கு அந்தப் பெடியன் தன் இடத்தில் போய் நிற்கவும் எதிரணியில் இரண்டு பேர் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். அவன் ஓடினான், அவர்களும் ஓடினார்கள், காலியான இடத்தில் பதினொரு வயது போலத் தோற்றம் உள்ள ஒரு குள்ளப் பெடியன் நெஞ்சு உயரத்தில் வந்த பந்தைக் காலால் தட்டிவிட்டான். கோல்.

"இதுவும் பழக்கினதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அவனுக்குத் துள்ள ஏலாது, அதால அங்க நிண்டவன்."

பிறகு எதிரணியும் ஒன்று அடித்து, தண்ட உதையில் தோற்றார்கள். வான் வண்டியில் ஏறும்போது ஒரு பெடியன் அழுதான், மற்றவர்கள் கொத்துரொட்டிக் கடை பூட்டுமுன் போகவேண்டும் என்று அவசரப்பட்டார்கள்.

மயிலிட்டி

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தையும் சுற்றியுள்ள கொஞ்சக் காணியையும் விட்டார்கள், இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு. மாஸ்டர் உடனே போகவில்லை, போகப் பயமாக இருந்தது என்றார். இந்த வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னுடைய மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். தாங்கள் பாய்ந்து பழகின வெளியைத் தேடினார், ஒரு பக்கம் பற்றை, ஒரு பக்கம் யாரோ புதிதாகக் கட்டுகிற மதில். மணல் கிடந்த இடம் இதுதான் என்று ஒரு இடத்தைக் காட்டினார், எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தார். குதிக்கால், பெருவிரல், குதிக்கால், பெருவிரல் என்று பின்னுக்கு அளக்கத் தொடங்கினார், உதடு அசைந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்றில் மதில் வந்துவிட்டது.

"இன்னும் எத்தினை அடி மாஸ்டர்?"

"நாலு" என்றார். மதிலுக்கு அங்கால எட்டிப் பார்த்தார், சீமெந்துக் கல் அடுக்கியிருந்தது. பிறகு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நேரத்தைப் பார்த்தார். நாலரைக்குப் பயிற்சி, பந்துக்குக் காற்று அடிக்கவேண்டும், பம்பின் ஊசி என்னுடைய வீட்டில் கிடந்தது.